முதல் நாற்பத்தொரு நாள்

கார்த்திகை பிறந்ததும் குமரி மாவட்டத்துப் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் ஒரு மாற்றம் தெரியும். மாலை போட்ட ஆசிரியர்கள் ஒருவர் இருவராவது இருப்பார்கள். நேற்றுவரை இடைவேளைக்கு இடைவேளை பெட்டிக்கடைக்குப் போய்வந்தவர் இன்று அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடித்தவர் நாற்பத்தொரு நாள் ஒன்றைக்கூடத் தொடாமல் இருப்பார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாள், அதே கடையில் அதே தூணில் சாய்ந்து பற்றவைத்துக்கொண்டு நிற்பார்.

சாம்பல் புதனன்று விட்டு, உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் மீண்டும் எடுப்பவர்களும் நம்மிடையே உண்டு. ரமலான் மாதத்தில் பகல் முழுவதும் தொடாமல் இருந்துவிட்டு, நோன்பு திறந்ததும் தேடுபவர்களும் உண்டு.

நாற்பத்தொரு நாள் விட முடிந்தவரால் நாற்பத்திரண்டாம் நாள் ஏன் முடியவில்லை? "மன உறுதி போதாது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாற்பத்தொரு நாள் இருந்த மன உறுதி ஒரே இரவில் எங்கே போயிருக்கும்? விடை அவர் மனத்தில் இருப்பதைவிட, அவரைச் சுற்றியிருந்த சூழலில்தான் அதிகம் இருக்கிறது.

மணி அடித்தால் வரும் தவிப்பு

பி.எட். படித்த நம் எல்லோருக்கும் பாவ்லவின் நாய் தெரியும். உணவோடு சேர்த்துச் சேர்த்து ஒலியைக் கேட்ட நாய்க்கு, பிறகு உணவே இல்லாமல் ஒலியை மட்டும் கேட்டாலும் உமிழ்நீர் சுரந்தது. ஆக்கநிலையுறுத்தல் என்று தேர்வில் எழுதினோம். புகைபிடிக்கும் ஆசிரியருக்கு இடைவேளை மணியே அந்த ஒலி என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

புகையை இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. அந்த நொடியில் நம்மைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதுவும் அந்த இன்பத்தோடு சேர்ந்து பதிகிறது: சாயாவின் மணம், பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்றின் நெருப்பு, பக்கத்தில் நிற்கும் நண்பரின் பேச்சு. ஒரு நாளைக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு 3,650 முறை இந்தப் பாடம் திரும்பத் திரும்ப நடத்தப்படுகிறது. எந்த வாய்பாட்டையும் நாம் இத்தனை முறை சொல்லிக்கொடுத்ததில்லை.

இஸ்ரேலிய விமானப் பணியாளர்களிடம் நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. புகைபிடிக்கும் அந்தப் பணியாளர்கள் விமானத்துக்குள் புகைக்க முடியாது. நிகோடின் குறைவதுதான் தவிப்புக்கு ஒரே காரணம் என்றால், அது மணிநேரக் கணக்குப்படி ஏறவேண்டும். அப்படி நடக்கவில்லை. குறுகிய பயணமானாலும் நீண்ட பயணமானாலும், விமானம் தரையிறங்க நெருங்கும்போதுதான் தவிப்பு ஏறியது. குறுகிய பயணத்தின் முடிவில் இருந்த தவிப்பு, நீண்ட பயணத்தில் அதே நேரம் கடந்திருந்தபோது இருந்ததைவிட மிக அதிகம்.

நம் அனுபவமும் இதுதான். இரண்டு பாடவேளை தொடர்ந்து நடத்தும்போது நினைவே வராது. மணி அடித்து, சாக்பீஸைக் கீழே வைத்து, கையைத் தட்டும்போது வரும்.

மாலை செய்யும் வேலை

விரதத்தின் ஆன்மிகப் பொருள் அவரவர் நம்பிக்கை. அது சூழலில் செய்யும் மாற்றங்களை மட்டும் இங்கே பார்ப்போம்.

தொடங்கும் நாள் முன்கூட்டியே முடிவாகிறது. உடையும் பெயரும் மாறுகின்றன. எல்லோரும் "சாமி" என்று அழைக்கும் ஒருவரிடம் யாரும் சிகரெட்டை நீட்டமாட்டார்கள். விடியலுக்கு முன்பே எழுந்து குளிப்பதால் காலை நேரத்தின் வரிசை மாறுகிறது. மது இருக்கும் இடங்களுக்குப் போவதில்லை. மாலை வேளை கடைத் திண்ணையில் கழியாமல், தன்னைப் போலவே விட்டிருப்பவர்களோடு பஜனையில் கழிகிறது. கேள்வி கேட்க ஒரு குருசாமி இருக்கிறார்.

இத்தனையும் ஒன்றுசேர்ந்து, பழைய தூண்டல்களை அவரிடமிருந்து விலக்கி வைத்திருந்தன. மாலையைக் கழற்றிய அன்று எல்லாத் தூண்டல்களும் ஒரே நேரத்தில் திரும்பி வருகின்றன. அவற்றைச் சந்திக்க அவர் எந்த ஏற்பாடும் செய்து வைக்கவில்லை.

ஏன் தொடக்க நாட்கள் முக்கியம்?

கடைசி சிகரெட்டுக்குப் பிறகு சில மணி நேரத்திலேயே எரிச்சல், கவனச்சிதறல், தூக்கமின்மை, அதிகப் பசி ஆகியவை தொடங்கலாம். முதல் வாரத்தில் இவை உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாட்களுக்குள்ளேயே மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உடலின் தவிப்பும் சூழலின் தூண்டலும் ஒன்றாகத் தாக்கும் நாட்கள் இவை. உடலின் தவிப்பை நாம் தள்ளிப்போட முடியாது. சூழலை மாற்ற முடியும்.

இந்தியாவில் 2016-17இல் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைபிடிப்பவர்களில் 55.4 விழுக்காட்டினர் விட்டுவிட எண்ணுவதாகச் சொன்னார்கள். ஆகவே விருப்பம் இல்லாதது அல்ல நம் சிக்கல்.

நானும் அந்த 55.4இல் ஒருவனாக இருந்தவன்தான். முதல் முறை விட்டது ஒரு மார்ச் மாதக் கடைசியில். பத்து நாள் தாக்குப்பிடித்தேன். அடுத்து விடைத்தாள் திருத்தும் முகாம் வந்தது. காலைக் கட்டு முடிந்ததும் பழைய நண்பர்கள் நால்வர், மரத்தடிச் சாயாக்கடை, ஆளுக்கொரு கட்டன் சாயா. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கை தானாக நீண்டது. அன்று என் மன உறுதியைத்தான் குறை சொல்லிக்கொண்டேன். பத்து நாளே ஆனவன் அந்த மரத்தடிக்குப் போயிருக்கக் கூடாது என்பது பிறகுதான் புரிந்தது.

செய்யவேண்டியவை

விடும் நாளுக்கு முன் மூன்று நாள், பிடிக்கும் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நான்கு குறிப்பு எழுதுங்கள்: நேரம், இடம், கூட இருந்தவர், அதற்குச் சற்று முன் செய்த செயல். பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் போதும். மூன்றாம் நாள் உங்கள் தூண்டல்களின் பட்டியல் கையில் இருக்கும். ஒருவருக்குக் காலை உணவுக்குப் பின், ஒருவருக்கு வகுப்பு முடிந்ததும், ஒருவருக்கு மழையில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது. இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் இந்தக் கடைசி வகையினர் நிறையவே இருப்பார்கள்.

அடுத்து, முதல் ஆறு வாரத்துக்குப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் எப்படித் தவிர்ப்பது என்று எதிரிலேயே எழுதுங்கள்.

வழி: பெட்டிக்கடை இருக்கும் தெருவை விட்டு வேறு தெருவில் பள்ளிக்குச் செல்லுங்கள். பேருந்தில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கலாம்.

இடைவேளை: மணி அடித்ததும் வாசலுக்குப் போகாமல் நூலகத்துக்கோ விளையாட்டுத் திடலுக்கோ போங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

சாயா: ஆசிரியர் அறைக்கே வரவழைத்துக் குடியுங்கள். அளவையும் குறையுங்கள். புகைபிடிப்பவரின் உடல் காஃபினை விரைவாகச் சிதைக்கும். விட்ட பிறகு அந்த வேகம் குறைவதால், வழக்கமான அளவு சாயாவோ காபியோ படபடப்பையும் தூக்கமின்மையையும் தரலாம். பலர் இதைப் புகையை விட்டதன் கோளாறு என்று எண்ணி மீண்டும் பற்றவைக்கிறார்கள்.

விசேஷ வீடுகள்: கல்யாணத்துக்கு முந்தின நாள் இரவு, காய்கறி வெட்டும் பந்தலில் விடியவிடிய அமர்வது நாஞ்சில் நாட்டு வழக்கம். அங்கே புகையும் இருக்கும், சில இடங்களில் மதுவும் இருக்கும். அந்த ஆறு வாரத்தில் முகூர்த்தத்துக்குப் போய் வாழ்த்திவிட்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். கோயில் கொடைக்கும் ஆலயத் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு போங்கள்.

வீடு: சட்டைப் பை, மேசை, இருசக்கர வாகனப் பெட்டி எங்கும் ஒரு சிகரெட்டோ தீப்பெட்டியோ இருக்கக் கூடாது. "அவசரத்துக்கு ஒன்று" என்று வைத்திருப்பதுதான் முதலில் தீரும்.

நண்பர்கள்: "விடப் பார்க்கிறேன்" என்று சொன்னால் நீட்டுவார்கள். "விட்டுவிட்டேன்" என்று சொல்லுங்கள். "ஆறு வாரம் கழித்து உங்களோடு சாயா குடிக்க வருகிறேன்" என்றும் சொல்லுங்கள். நட்பை விலக்கவில்லை என்பது அவர்களுக்குப் புரியும்.

எல்லாவற்றையும் மீறித் தவிப்பு வந்தால், அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். இடத்தை விட்டு நகருங்கள், தண்ணீர் குடியுங்கள், யாரையாவது பேசியில் அழையுங்கள். சிகரெட்டை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலை போடுவது விடுதல் ஆகாது. நிகோடின் வரும் பாதை மட்டுமே மாறுகிறது.

நாற்பத்திரண்டாம் நாள்

தவிர்த்தல் என்பது வாழ்நாள் முழுவதற்கும் அல்ல. சாயாக்கடையையும் நண்பர்களையும் விட்டு ஓடிக்கொண்டே இருக்க முடியாது. பாவ்லவின் சோதனையில், உணவு தராமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தபோது உமிழ்நீர் படிப்படியாகக் குறைந்தது. அதுபோல, உடலின் தவிப்பு தணிந்த பிறகு பழைய இடங்களுக்கு ஒவ்வொன்றாகத் திரும்புங்கள். முதலில் எளிதானது, புகைக்காத ஒருவரின் துணையோடு, குறைந்த நேரம். கடினமானது கடைசியில். மாலை கழற்றியவர் தவறியது இங்கேதான். எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் திரும்பினார்.

மறைந்த துலங்கல் சில காலம் கழித்துத் திடீரென மீண்டும் தலைகாட்டும் என்பதையும் பாவ்லவ் கண்டார். ஆறு மாதம் கழித்து ஒரு பழைய இடத்தில் தவிப்பு வந்தால், எல்லாம் வீணாகிவிட்டது என்று பொருளல்ல. ஒன்றைப் பிடித்துவிட்டாலும், அன்றே அடுத்ததை மறுத்துவிடுங்கள். எந்த இடம், யாரோடு என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தை இன்னும் சிறிது காலம் தவிருங்கள்.

தனியாகச் செய்யவேண்டும் என்பதில்லை. புகையிலைப் பொட்டலங்களின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். நிகோடின் சூயிங்கம் போன்றவை தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வகுப்பறைக்கும் இதுவே

2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதையும், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் தடை செய்கிறது. தூண்டலைத் தொலைவில் வை என்ற அதே கருத்துதான் இங்கே சட்டமாகியிருக்கிறது. 100 கெஜம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர். நாம் அந்த எல்லையைத் தாண்டிப் போய்ப் புகைத்தாலும் மாணவர் கண்ணுக்கு அது தொலைவே அல்ல.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் புகைத்துப் பிடிபட்டால் அறிவுரை சொல்கிறோம், பெற்றோரை அழைக்கிறோம். அதோடு நான்கு கேள்விகளையும் கேட்போம்: எங்கே, எப்போது, யாரோடு, அதற்கு முன் என்ன செய்தாய்? மாலை நாலரை மணிக்கு, பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில், மூத்த பையன்களோடு என்று அவன் சொன்னால், செய்யவேண்டியது தெரிந்துவிடும். அந்த அரைமணி நேரம் அவனைக் கால்பந்துத் திடலில் நிறுத்திவைப்பது அறிவுரையைவிட நன்றாக வேலை செய்யும்.

மூன்றாம் முறை நான் விட்டது அரையாண்டு விடுமுறையின் முதல் நாள். பள்ளி திறந்தபோது பத்து நாள் கடந்திருந்தது; வேறு தெருவில் போனேன். இரண்டு மாதம் கழித்துத்தான் பழைய கடைக்குப் போனேன். "சாரே, ஊர்லயே இல்லியா?" என்று கடைக்காரர் கேட்டார். சாயாவை வைத்துவிட்டு, பழக்கத்தில் சிகரெட்டையும் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். அவர் அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்தவருக்குச் சாயா ஆற்றத் தொடங்கினார்.

வரும் கார்த்திகையில் உங்கள் ஆசிரியர் அறையில் யாரேனும் மாலை போட்டால், நாற்பத்திரண்டாம் நாளுக்கு என்ன ஏற்பாடு என்று இப்போதே அவரிடம் கேட்டு வையுங்கள். அன்று இடைவேளையில் அவரோடு நூலகம் வரை நடந்து வாருங்கள்.