தெரு இல்லாத தெரு வியாபாரிகள்
கம்பெனி பாணி ஓவியங்கள், தஞ்சாவூர் – திருச்சிராப்பள்ளி, 18–19ஆம் நூற்றாண்டு

மோர், மீன், வளையல் என்று விற்றுப் பிழைத்தவர்களைக் கணவன் மனைவியாக நிறுத்தி வரைந்த இவ்வகைப் படங்களைத் தஞ்சாவூர் ஓவியர்கள் காகிதத்திலும், 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் அபிரகத் தகட்டிலும் தீட்டினார்கள். கிழக்கிந்திய கம்பெனி அதிகாரிகளும் பிற ஐரோப்பியரும் தொகுப்பாக வாங்கினார்கள். சாதிக்கு ஒரு தாள் என்பதே பெரும்பாலும் அடுக்குமுறை; 1837இல் மதுரையில் உருவாகி இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தொகுப்பில் 72 படங்கள். ஆகவே இங்கே நிற்பவர் தனி ஆள் அல்லர், ஒரு பிரிவுக்கு மாதிரி. தாளில் பெரும்பாலும் சாதியோ தொழிலோ எழுதப்பட்டிருக்கும். ஆளின் பெயர் பொதுவாக இருக்காது.

கருவியும் நகையும் இவ்வளவு நுணுக்கமாக இருக்கையில் இவற்றை நம்பகமான பதிவாகக் கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். பொருள்களைப் பொறுத்தவரை கொள்ளலாம்: சேலைக்கட்டு, சும்மாட்டின் மேல் பானை, தோளில் காவடித்தண்டு எல்லாம் அன்றைய புழக்கத்தில் இருந்தவையே. வாழ்நிலைக்கு அந்த நம்பிக்கை செல்லாது. பின்னணி பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. வாங்குபவர் இல்லை, பேரம் இல்லை, சுமந்து அலைந்தவரின் வேட்டியில் அழுக்கும் இல்லை. ஒரே மாதிரியைப் பார்த்துப் பலமுறை பிரதியெடுத்து விற்றதால் தயிர்க்காரிக்கும் மீன்காரிக்கும் ஏறத்தாழ ஒரே முகம் அமைந்துவிடுவதும் உண்டு.