கூண்டுக்குள் கழுகு, படத்தில் கம்பியே இல்லை! எப்படித் தெரியுமா?

வாளையாரைத் தாண்டும்போது லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அண்ணாந்து பார்த்ததுண்டா? மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய் அது. வெயில் ஏறினால் போதும், கரும்பருந்தும் செம்பருந்தும் சிறகையே அசைக்காமல் வட்டமிட்டு மேலே போய்க்கொண்டிருக்கும். கேமராவைத் தூக்கினால்? கறுப்புப் புள்ளிதான் மிஞ்சும்!

கண்ணும் அலகும் தெரிய வேண்டுமானால் விலங்கியல் பூங்காதான் கதி. கணவாய்க்குக் கிழக்கே, கோவை வ.உ.சி. உயிரியல் பூங்காவின் அங்கீகாரம் 2022-இல் ரத்தாகிவிட்டது. மேற்கே திருச்சூரில் 1885-இல் தொடங்கிய பழைய பூங்கா. அதற்கு மாற்றாகப் புத்தூரில் 300 ஏக்கருக்கும் மேல் பரந்த புதிய பூங்கா.

சரி, குறுக்கே கம்பிவலை இருக்கிறதே? அதைப் படத்திலிருந்து மறையவைக்க முடியும் தெரியுமா! தடுப்பு வேலியைத் தாண்டாமல், அனுமதிக்கும் எல்லைவரை வலையை நெருங்குங்கள். ஜூமை முழுக்க இழுங்கள். அபெர்ச்சரை எஃப்/4 அல்லது அதற்கும் அகலமாகத் திறங்கள். பறவை வலையை ஒட்டி இல்லாமல் உள்ளே தள்ளிப்போய் உட்காரும்வரை பொறுங்கள். கம்பி கரைந்தே போகும்! ஆனால் வெயில் பட்டு மின்னும் கம்பி படத்தையே வெளிறவைத்துவிடும். நிழல் விழுந்த பக்கமாகப் பார்த்து நில்லுங்கள். ஆட்டோஃபோகஸ் வேறு பறவையை விட்டுவிட்டு வலையைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை வைத்து நேராகக் கண்ணைக் குறிவையுங்கள்.

எடுத்த படத்தில் கண் பால் ஊற்றியதுபோல் இருக்கிறதா? நோய் இல்லை, பறவையின் மூன்றாவது இமை அது! குறுக்குவாட்டில் ஓடிக் கண்ணைத் துடைத்துவிட்டுப் போகும். ஒரே படத்தை நம்பாமல் தொடர்ச்சியாகத் தட்டுங்கள்.

ஆந்தை முதுகைக் காட்டுகிறதா? நகராதீர்கள். அதன் கண் குழிக்குள் உருளாது. அதற்கு ஈடாகக் கழுத்தில் 14 எலும்புகள். நமக்கு 7-தான்! சுமார் 270 டிகிரி திரும்பி அதுவே உங்களைப் பார்க்கும்.

கழுகு முன்னால் குனிந்து எச்சமிட்டால் விரலைப் பட்டனில் வையுங்கள். பெரும்பாலும் அடுத்தது பறத்தல்தான்.

கூண்டே இல்லாமல் மிக அருகில் நின்று பார்த்த காலமும் உண்டு. திருக்கழுக்குன்றம் மலையில் நண்பகலில் உணவு வாங்க வந்த மஞ்சள்முகப் பாறுகள் நினைவிருக்கிறதா? 1990-களுக்குப் பிறகு அவை வருவதில்லை.

பழக்கிய விலங்கைக் காட்டு விலங்காகக் காட்டினால் என்ன ஆகும் தெரியுமா? லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 2009-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் வேலி தாண்டும் ஓநாய்ப் படம் முதல் பரிசு வென்றது. அது பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவுசெய்ததால் 2010-இல் பரிசு பறிபோனது!

ஆகவே படத்தைப் பகிரும்போது ‘பூங்காவில் எடுத்தது’ என்று மறக்காமல் எழுதிவிடுங்கள். படத்தைப் பகிரும்போது ‘பூங்காவில் எடுத்தது’ என்று மறக்காமல் எழுதிவிடுங்கள்.