கூண்டு எண் சொல்வது என்ன?

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வலுப்பெற்றால் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கறுப்பு உருளையும் கூம்பும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் அதன் அடையாளம். அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் பரவும்போது முதலில் சிதைவது எண்ணின் பொருள்தான்.

எண் கூடினால் புயல் வலுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. 1, 2 தொலைவில் உள்ள ஆபத்தைச் சொல்லும். 3, 4 வந்தால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5, 6, 7 மூன்றுக்கும் புயலின் வலிமை ஒன்றே, பாதைதான் வேறு. துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் அமைந்தால் 5, வலப்பக்கம் அமைந்தால் 6, புயல் துறைமுகத்தை ஒட்டிக் கடந்தால் 7. கடும் புயலுக்கு 8, 9, 10 இதே முறையில் வரும். ‘5 போய் 6 ஏறிவிட்டது, புயல் வலுத்துவிட்டது’ என்ற செய்தியில் எண் மெய்யாக இருக்கலாம், முடிவு தவறு.

அடுத்துப் பார்க்க வேண்டியது நேரம். புயல் நிலையில் இந்திய வானிலை ஆய்வு மையம் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை தருகிறது; ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் இருக்கும். பகிரப்படும் செய்தியில் பெரும்பாலும் ‘இன்று இரவு’ என்று மட்டுமே இருக்கும். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் வள்ளம் இறக்கக் காத்திருப்பவர் அதை மறுநாள் படித்தாலும் அது ‘இன்று இரவு’தான். 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலை அருகே கரை கடந்த புரெவி புயல், மன்னார் வளைகுடாவுக்கு வந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது. பழைய எச்சரிக்கை அப்போது பயன்படாது.

நம்ப முடியாத எண் எல்லாம் பொய்யும் அல்ல. 2023 டிசம்பர் 18 காலை வரை காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை என்பது மழைமானி அளந்த கணக்கு. சில செய்திகளில் வந்த 946 மி.மீ. என்பதும் அதே மழைதான். முழு சென்டிமீட்டராக்கியதில் 95 ஆனது. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடியும். ஆகவே 18ஆம் தேதிக் கணக்கில் 17ஆம் தேதி காலை 8.30க்குப் பின் கொட்டியதும் அடங்கும்.

கூண்டுகளில் கடைசி எண் 11. அதுதான் மிகப் பெரிய புயல் என்று எண்ணிவிடக் கூடாது. எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள்.