வரப்புக்குள் மறையும் பாதைகள்: கிராமச் சாலைகளும் சட்டமும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘பாதை’ என்ற ஒரே சொல் பல வகை நிலங்களைக் குறிக்கிறது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை ஆகியவற்றை நெடுஞ்சாலைத் துறை பார்த்துக்கொள்கிறது. அவற்றுக்குக் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலைகளும் கிராம ஊராட்சிச் சாலைகளும் வருகின்றன. இந்த வரிசையில் சேராதவையும் உண்டு: வயலுக்குப் போகும் வண்டிப்பாதை, ஒற்றையடிப் பாதை, வாய்க்கால் கரைத் தடம், கொங்குப் பகுதியில் இரு பக்கமும் கிளுவை வேலிக்கு நடுவே ஓடும் இட்டேரி. வழக்குகள் பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில்தான் பிறக்கின்றன. பாதை அடைபட்டதும் காவல் நிலையத்துக்கு ஓடுபவரை ‘இது சிவில் விவகாரம்’ என்று அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீதிமன்றம் போனால், வட்டாட்சியரிடமே முடிந்திருக்கக்கூடிய வேலைக்குப் பல வருடம் பிடிக்கும். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டுமானால், பாதை ஓடும் நிலம் யாருடையது என்பது முதலில் தெரிய வேண்டும்.

அதற்கு முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு ஆவணங்கள்: அ-பதிவேடும் புலப்படமும். இரண்டையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். பாதைக்கென்று தனிப் புல எண் இருந்து, பதிவேட்டில் அரசு புறம்போக்கு என்றும் குறிப்பில் ‘பாதை’ அல்லது ‘வண்டிப்பாதை’ என்றும் இருந்தால் அது பொதுப் பாதை. பேச்சுக்கு இடமில்லை. சில புலப்படங்களில் ஒருவரது பட்டா நிலத்தின் குறுக்கே இரட்டைப் புள்ளிக் கோடு ஓடும். அதுவும் வண்டிப்பாதைதான், ஆனால் அடியில் இருக்கும் மண் பட்டாதாரருடையது, தீர்வை கட்டுபவரும் அவரே. அந்தக் கோடு, வழி நெடுங்காலமாக இருந்தது என்பதற்கு வலுவான சாட்சி. அதை மட்டும் காட்டி நிலமே அரசுடையது என்று வாதிட முடியாது. மூன்றாவது வகை படத்தில் இருக்காது, பத்திரத்தில் இருக்கும். பழைய கிரையப் பத்திரத்திலோ பாகப் பத்திரத்திலோ நான்கு எல்லை சொல்லி முடித்த பிறகு, மாமூல் தடத்தில் ஆள் நடக்கவும் வண்டி, கால்நடை ஓட்டவும் உள்ள பாத்தியம் உட்பட என்று ஒரு வரி வரும். அவசரமாக எழுதும் பத்திரங்களில் முதலில் விடுபட்டுப்போவதும் அந்த வரிதான். படத்திலும் பத்திரத்திலும் இல்லாமல் புழக்கத்தில் மட்டும் இருக்கும் தடம் நான்காவது வகை.

இணையத்தில் கிடைக்கும் படத்தோடு நின்றுவிடக் கூடாது. 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரார் சொல்லும் யு.டி.ஆரில், பிழைகள் நிறைய நுழைந்தன. பழைய நில அளவைப் படத்தில் இருந்த பாதை புதிய பதிவேட்டில் பக்கத்துப் பட்டாவோடு கலந்திருந்தால், இரண்டின் நகலையும் வைத்து வருவாய் அதிகாரிகளிடம் திருத்தம் கேட்கலாம். நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

புதிய சாலை போடுவது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி ஊராட்சியின் கடமைகளில் ஒன்று. கிராமச் சாலைகளையும் அவற்றின் பாலங்கள், சிறுபாலங்கள், தரைப்பாலங்களையும் அமைத்துப் பராமரிக்கும் பொறுப்பைப் பிரிவு 110 ஊராட்சியின் மேல் வைக்கிறது. பெரிய பணம் வேறு இடத்திலிருந்து வருகிறது. 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற ஓர் இணைப்பைத் தருவதை இலக்காகக் கொண்டது. சாலை போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சாலையோரத் தகவல் பலகையில் முடித்த தேதியைப் பார்த்துவிட்டால், குழியை அடைப்பது யார் கணக்கு என்பது தெரிந்துவிடும். இந்தத் திட்டம் நிலத்துக்குப் பணம் தருவதில்லை. நிலத்தை மாநிலம் ஏற்பாடு செய்துகொடுக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சாலை வந்தால் சரி என்று நிலத்துக்காரர்கள் வாய்வார்த்தையில் சம்மதிக்கிறார்கள். ஆளுக்கு ஐந்தடி விடுகிறார்கள், ஜல்லி கொட்டித் தார் போட்டாகிவிடுகிறது. பட்டா உட்பிரிவு ஆவதில்லை, பத்திரமும் எழுதுவதில்லை. விட்டுக்கொடுத்தவர் காலமான பிறகு, வெளியூரிலிருந்து வரும் வாரிசு பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு சாலையின் நடுவே கல் ஊன்றுகிறார். சட்டப்படி அவர் பேச்சை ஒதுக்கிவிடவும் முடியாது. இமாசலப் பிரதேசத்தில் 1967–68-இல் ஒரு மூதாட்டியின் நிலத்தில், முறையான கையகப்படுத்தல் இல்லாமல் அரசு சாலை போட்டது. அத்தனை வருட அனுபவத்தால் நிலம் தனதாகிவிட்டது என்று அரசு வாதிட்டதை உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் ஏற்கவில்லை. இழப்பீடு தர உத்தரவிட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 300அ பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. நிலம் கொடுப்பவர் மனம் ஒப்பிக் கொடுப்பதானால் ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து, அ-பதிவேட்டில் மாற்றம் காட்ட வேண்டும். கொடுக்க மனமில்லாதவர் நிலம் தேவைப்பட்டால் கையகப்படுத்தல்தான் வழி. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்தால் சந்தை மதிப்பை வைத்துக் கணக்கிடும் இழப்பீட்டுத் தொகையோடு அதே அளவு ஆறுதல் தொகையும் சேரும். சாலை வேண்டும் என்ற ஊரும் நிலம் கொடுக்கும் ஆளும் ஒருசேர ஏமாறாமல் இருக்க, ஜல்லி கொட்டுவதற்கு முன்பே பத்திர அலுவலகம் போவது நல்லது.

மனைப்பிரிவுச் சாலைகளுக்கும் இதே கதைதான். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்தாக வேண்டும். மனை வாங்குபவர் அந்தத் தானப் பத்திரத்தின் எண்ணைக் கேட்பதில்லை. விளம்பரத் தாளில் அச்சடித்த 30 அடிச் சாலையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறார். மலைக் கிராமங்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு. வன உரிமைச் சட்டம், 2006-இன் பிரிவு 3(2), கிராம சபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைச் சாலைக்குத் திருப்ப இடம் தருகிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது.

பொதுச் சாலைகள் ஊராட்சியிடம் வந்து சேர்வது பிரிவு 125-இன் வழியாக. அப்படி வந்து சேர்வதை ஊராட்சித் தலைவர்கள் சிலர் சொந்தச் சொத்துப் போல எடுத்துக்கொள்கிறார்கள். மங்லௌர் என்ற வடஇந்தியச் சிறுநகரின் நகராட்சி, சாலையோர இடத்தில் காந்தி சிலையும் தண்ணீர்ப் பந்தலும் நூலக அறையும் வைக்க முயன்றது. நல்ல காரியம்தானே என்று தோன்றும். 1965-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒப்பவில்லை. தாரின் இரு பக்கத்து மண்ணும் பாதையின் பகுதியே, உள்ளாட்சிக்கு அது சாலையாகப் பேணுவதற்காக மட்டுமே ஒப்படைக்கப்படுகிறது, சாலைக்குத் தொடர்பில்லாத கட்டடம் எழுப்ப அதிகாரமில்லை என்றது தீர்ப்பு. அகலத்தை அளக்க வேண்டியது புறம்போக்கின் எல்லைக் கல்லிலிருந்து. தாரின் விளிம்பை வைத்து அளந்தால் பாதி பாதை கணக்கில் வராமல் போகும்.

பொதுப் பாதையை மூடுவது இன்னும் கடினம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஊராட்சித் தீர்மானத்தால் ஒரு புறம்போக்குப் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. வகைப்பாட்டை மாற்றவோ மாற்று நிலம் வாங்கிக்கொண்டு பரிவர்த்தனை செய்யவோ அரசு நிலையில் ஆணை தேவை. யாரும் நடக்காததால் மட்டும் புறம்போக்குப் பாதை செத்துவிடுவதில்லை. 12 வருடமாக அனுபவிக்கிறேன் என்று ஆக்கிரமித்தவர் சொன்னாலும் பயனில்லை. பறிபோன பொதுச் சாலையை மீட்க உள்ளாட்சிக்குக் காலவரையறைச் சட்டம் 30 வருடம் தருகிறது, அரசுக்கும் அதே 30 வருடம்.

நடைமுறையில் பாதை இந்த முறைகளால் மூடப்படுவதே இல்லை. அது உழவில் கரைகிறது. ஒவ்வொரு கோடை உழவிலும் டிராக்டரின் கடைசிக் கொழு அரையடி உள்ளே வருகிறது. அடுத்த ஆண்டு அந்த இடத்தில் வரப்பு வெட்டி, அதன் மேல் ஆமணக்கோ துவரையோ நிற்கிறது. மூன்றாம் ஆண்டு கம்பி வேலி. பன்னிரண்டடிப் பாதையில் இரு பக்கமும் இப்படி நடந்தால் நெல் அறுக்கும் இயந்திரம் நுழைய முடியாத நாள் வரும். அன்றுதான் ஊர் விழித்துக்கொள்கிறது. பெரிய வளாகங்கள் வேறு விதம்: சூரிய மின் பண்ணையோ செங்கல் சூளையோ சுற்றுநிலங்களை மொத்தமாக வாங்கி வேலி போடும்போது, நடுவே ஓடிய வண்டிப்பாதையும் வேலிக்குள் போய்விடுகிறது. சுற்றி இருப்பது அவர்கள் நிலமாகவே இருந்தாலும், நடுவில் இருக்கும் புறம்போக்கு அவர்களுடையதாகாது.

பொதுப் பாதைக்கு நிவாரணம் மூன்று இடத்தில் கிடைக்கும். முதல் இடம் ஊராட்சி: ஊராட்சிகள் சட்டத்தின் பிரிவு 131, பொதுச் சாலையில் சுவர், வேலி, பள்ளம், ஆக்கிரமிப்பு எதையும் தடை செய்கிறது. அரசு நிலம் என்றால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியர், பிரிவு 7-இல் அறிவிப்பு கொடுத்து, பிரிவு 6-இல் வெளியேற்றலாம். அறிவிப்பு இல்லாமல் இயந்திரத்தை விட்டு இடித்தால் மேல்முறையீட்டில் அது தோற்கும், ஆகவே அவசரப்படுத்தும் ஊராரும் அந்த அறிவிப்பின் நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மூன்றாவது இடம் கோட்டாட்சியர். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 152-இன்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133) பொதுமக்கள் சட்டப்படி பயன்படுத்தும் வழியில் உள்ள தடையை அகற்ற அவர் நிபந்தனை உத்தரவு போடலாம். எதிர்த்தரப்பு பொது உரிமையே இல்லை என்று நம்பத்தக்க ஆதாரம் காட்டினால் விவகாரம் உரிமையியல் நீதிமன்றம் போய்விடும். பொது வழியை மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 285-இல் 5,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம்.

ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபை தானாக ஆக்கிரமிப்பை அகற்றாது. ஆனால் அங்கே பாதையின் புல எண்ணையும் அகலத்தையும் சொல்லிப் பதிவாகும் தீர்மானம் பின்னால் எல்லா அலுவலகத்திலும் பேசும். ஜமாபந்தியில் கொடுக்கும் மனுவுக்கும் அதே பயன் உண்டு. பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டது. மனுவில் குறிப்பிடத் தகுந்த தீர்ப்பு அது.

தனியார் நிலத்தில் ஓடும் தடத்துக்கு இவை எதுவும் உதவாது. அங்கே ஆள்வது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், அதில் கெடுக்களே முக்கியம். பத்திரமில்லாத தடத்தில் உரிமை கோர 20 வருடம் வெளிப்படையாகவும் தடையின்றியும் உரிமையாகவும் நடந்திருக்க வேண்டும். நிலம் அரசுடையது என்றால் 30. அந்தக் காலம் வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். ஆகவே 40 வருடம் நடந்தவரும், வழி அடைபட்டு மூன்று வருடம் பொறுத்திருந்தால் தோற்கலாம். இடையில் யாராவது மறித்து, அது தெரிந்தும் ஒரு வருடம் பேசாமல் இருந்தாலே தொடர்ச்சி அறுந்துவிடும். பக்கத்து நிலத்துக்காரரிடம் ‘உங்கள் அனுமதியில் நடக்கிறேன்’ என்று எழுதிக்கொடுத்தவருக்கு இந்த உரிமை ஒருபோதும் பிறக்காது; பஞ்சாயத்தில் கையெழுத்துக் கேட்கும்போது அந்த வாசகத்தைக் கவனிக்க வேண்டும்.

நிலத்துக்கு வேறு வழியே இல்லையென்றால் அவசியத்தால் வரும் உரிமை உண்டு. ஒரே நிலம் விற்பனையிலோ பாகப்பிரிவினையிலோ பிரிந்து, உள்ளே மாட்டிக்கொண்ட துண்டுக்குத்தான் அது. சுற்றுவழி இருந்தால் கிடைக்காது, சுற்றுவழி வந்துவிட்டால் போய்விடும். பத்திரத்தில் எழுதிக்கொடுத்த தடம் அப்படிப் போகாது என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2006-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த ஒரு வரியின் விலை அவ்வளவு. பிரிவு 28 இன்னொரு கண்ணி: ஒரு வகை வழியுரிமை இன்னொரு வகையைச் சேர்த்துக்கொள்ளாது. நடைபாதைப் பாத்தியம் உள்ளவர் அதில் டிராக்டர் ஓட்டக் கேட்க முடியாது.

தடம் அடைபட்ட அன்றே அடிதடி நடக்கும் சூழல் என்றால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 166-இல் கோட்டாட்சியர் தற்காலிக உத்தரவு தரலாம். ஆண்டு முழுதும் நடக்கும் வழியென்றால் தகவல் வருவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் மட்டும் நடக்கும் வழியென்றால் கடைசி அறுவடையில். நிலையான தீர்வு மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் கேட்கும் உரிமை விளம்புகையும் நிரந்தரத் தடையாணையுமே.

பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ மறிக்கப்பட்டால் அது வெறும் வழித்தகராறு அல்ல. உத்தப்புரத்தில் பட்டியல் சாதியினரை மறித்துப் பல வருடம் நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் மாவட்ட நிர்வாகம் இடித்தது. இன்று சுடுகாட்டுப் பாதையை, பொதுச் சாலையை, வழக்கமான வழியை அவர்களுக்கு மறிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)-இல் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்குரியது. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும். பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் சேற்றில் இறங்கும் ஊர்கள், சிவில் வழக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுவதை ஏற்க வேண்டியதில்லை.

எந்த வகையானாலும் வழக்கில் பேசுவது தடயம்தான். நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர் நில அளவரோடு வந்து நிற்கும்போது சக்கரத் தடம், மிச்சமிருக்கும் கிளுவை வேலி, பழைய எல்லைக் கல், வாய்க்காலைத் தாண்டப் போட்ட குழாய் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். வேலி போட்டவர் முதலில் பிடுங்குவதும் அந்தக் கல்லையே. ஆகவே மறியல் தொடங்கிய அன்றே, தேதி தெரியும்படி, கல்லையும் தடத்தையும் சேர்த்துப் படமெடுத்து வைத்துவிட வேண்டும்.