எழுந்து நின்று பேசுவது யார்?

சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இரண்டு பெரிய சட்ட நிறுவனங்களிலிருந்து அழைப்பு வந்துவிட்டால், பிள்ளைகள் முதலில் பார்ப்பது மாதம் எவ்வளவு என்பதை. அடுத்தது, நிறுவனத்தின் பெயர். கம்பெனி இணைப்பு, பங்கு வெளியீடு என்று ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு போதும். கோர்ட்டில் வாதாட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குப் போதாது. அந்த நிறுவனத்தின் வழக்குகளில் நீதிபதி முன் எழுந்து பேசுவது யார் என்பதைத்தான் அவர்கள் முதலில் விசாரிக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில், முக்கியமான வழக்கு என்றால் பேசுவது வெளியிலிருந்து அமர்த்தப்படும் சீனியர் அட்வகேட்தான். சீனியர் என்று நியமிக்கப்பட்டவர் வக்காலத்து போடக் கூடாது. கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கு வாங்கவும் கூடாது. இன்னொரு வக்கீல் வழியாகத்தான் கேஸ் கட்டு அவர் கைக்குப் போக வேண்டும். அந்த இன்னொரு வக்கீலின் இடத்தில்தான் நிறுவனம் இருக்கிறது. கம்பெனியின் சட்டப் பிரிவு பார்ட்னரை அழைக்கும். அவர் அசோசியேட்டுகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பார். மனு, தேதிவாரிக் குறிப்பு, தீர்ப்புத் தொகுப்பு எல்லாம் அவர்கள் கையால்தான் உருவாகும். மாலையில் சீனியர் சேம்பரில் கான்ஃபரன்ஸ். மறுநாள் கோர்ட்டில் சீனியர் வாதிடுவார். இரவு கண்விழித்து மனு எழுதிய இளம் வக்கீல் அவருக்குப் பின்னால் நின்று, கேட்கிற பக்கத்தை எடுத்துக் கொடுப்பார்.

இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பல ஆயிரம் பக்க ஆவணங்களிலிருந்து வழக்கின் உயிர்நாடியைப் பிடித்து நாலு பக்கத்தில் எழுதும் பழக்கம் பெரிய நிறுவனங்களில் வருவதுபோல எல்லா இடத்திலும் வந்துவிடாது. ஆனால் பாதி வாதத்தில் நீதிபதி குறுக்கிட்டுக் கேட்கும் கேள்விக்கு, கட்டைப் புரட்டாமல் அங்கேயே பதில் சொல்லும் திறமை, பேசிப் பேசித்தான் வரும். ஐந்தாறு ஆண்டுகள் பின் வரிசையிலேயே கழிந்துவிட்டால், தனியாகத் தொழில் தொடங்கும்போது அந்தக் குறை தெரியும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் மட்டுமல்ல, ஊருக்கு ஊர் இது மாறும். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில் சொலிசிட்டர் ஒருவர், வாதிடும் கவுன்சல் இன்னொருவர் என்ற பிரிவினை சட்டப்படியே இருந்தது. 1970-களில் அந்தக் கட்டாயம் நீங்கியும் பழக்கம் விட்டுப்போகவில்லை. மும்பை நிறுவனத்தில் சேர்பவர் இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். டெல்லியில் வேறு விஷயம். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தாக்கல் செய்ய அட்வகேட்-ஆன்-ரெக்கார்டாக இருக்க வேண்டும். அந்தத் தேர்வை எழுத நான்கு ஆண்டு அனுபவமும், அதன்பின் ஏற்கெனவே அந்தத் தகுதி உள்ள ஒருவரிடம் ஓராண்டுப் பயிற்சியும் தேவை. நிறுவனத்திலேயே அப்படி ஒருவர் இருந்து பயிற்சி தருவாரானால், சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தாலும் அந்த இடம் மேல்.

பேசுவது யார் என்பதைக் கண்டுபிடிக்க யார் சிபாரிசும் வேண்டாம். உயர் நீதிமன்ற இணையதளத்தில் உத்தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓர் உத்தரவைத் திறந்து, மனுதாரருக்காக, எதிர்மனுதாரருக்காக என்று வக்கீல் பெயர் போட்டிருக்கும் வரிகளைப் பாருங்கள். ஒரு சீனியரின் பெயர், அடுத்து ‘இந்த நிறுவனத்துக்காக’ என்று இருந்தால், அன்று பேசியவர் அந்தச் சீனியர். நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயர் மட்டும் இருந்தால், பெரும்பாலும் பேசியவர் அவரே. உங்களை அழைத்திருக்கும் இரண்டு நிறுவனங்களின் மூன்று மாத உத்தரவுகளை இப்படிப் பாருங்கள். நேர்முகத்தில் யாரும் சொல்லாத உண்மை அதில் இருக்கும்.

எந்த மன்றத்தில் வேலை என்பதும் முக்கியம். 2016-இல் திவால் சட்டமும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயமும் வந்த பிறகு, பெரிய நிறுவனங்களின் வழக்குப் பிரிவுகளுக்கு அங்கே வேலை பெருகியது. தீர்ப்பாயத்தில் சின்னச் சின்ன இடைமனுக்கள் ஏராளம். அவற்றுக்கெல்லாம் சீனியரை அமர்த்த மாட்டார்கள். இளையவர்கள் எழுந்து பேச அங்கே வழி இருக்கிறது. நடுவர் மன்றத்திலும் அப்படித்தான். அங்கே சாட்சி விசாரணையின்போது வக்கீலின் கேள்வியும் சாட்சியின் பதிலும் தட்டச்சாகித் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். சாட்சி ஒரு விஷயத்தை மறுத்த அந்த நொடியில், அதற்கு நேர் எதிரான கடிதம் எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் என்று எடுத்து நீட்டுபவர் அந்த வழக்கை உள்ளும் புறமும் அறிந்த இளைய அசோசியேட். நல்ல பார்ட்னர், அடுத்த சாட்சியை அவரையே குறுக்கு விசாரணை செய்யச் சொல்வார். தேட வேண்டியது அப்படிப்பட்ட பார்ட்னரைத்தான்.

ஏனென்றால் பெயர்ப்பலகை நிலையானது அல்ல. 1917-இல் தொடங்கிய அமர்சந்த் மங்கள்தாஸ் நிறுவனமே 2015-இல் சிரில், ஷார்துல் என்ற சகோதரர்களுக்கிடையே இரண்டாகப் பிரிந்தது. பார்ட்னர்கள் தங்கள் குழுவோடு நிறுவனம் மாறுவதும் அடிக்கடி நடக்கிறது. யாரிடம் வேலை கற்கப்போகிறோம் என்று தெரியாமல் வெறும் பெயருக்காகச் சேராதீர்கள்.

பணத்தைப் பார்த்துத்தான் போகிறார்கள் என்று சீனியர்கள் சிலர் இளையவர்களைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொல்ல வேண்டி வந்தது. அப்படிச் சொல்ல வேண்டிய நிலைமை இருந்தது என்பதே வெட்கக்கேடு. குடும்பத்தில் முதல் வக்கீலாக வந்து, சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு, வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டிய பெண்ணிடம் தியாகம் செய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். தொழில் நடத்தும் வக்கீல் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் நிறுவனங்கள் பொதுவாகத் தருவது ரிடெய்னர் எனப்படும் தொழில் கட்டணம்தான்; பி.எஃப். போன்றவற்றை எதிர்பார்க்க முடியாது. ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். வக்காலத்தில் உங்கள் பெயர் இருக்குமா, இலவச சட்ட உதவி வழக்குகள் எடுக்க விடுவார்களா, இரண்டாம் ஆண்டு அசோசியேட் கடைசியாக எப்போது கோர்ட்டில் பேசினார் என்று கேளுங்கள். நேரான பதில் தரும் நிறுவனத்தில் சேருங்கள். மழுப்பினால், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.