கூரைக்குள் ஒரு சூரியன்

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வானொலி நிலையத்தைவிட்டு வெளியே வரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். கார் நிற்பது கூரையில்லாத இடத்தில். கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் சூடு, தொட முடியாத ஸ்டீயரிங், சுடும் பெல்ட் கொக்கி எல்லாம் நமக்குப் பழகிவிட்டன. பழகாதது, போன மாதம் டேஷ்போர்டின் நடுவே நான் பார்த்த நீளமான விரிசல். ஒன்பது வருடக் கார். மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "வெயில்தான்லா, தங்கச்சி."

வெயில் ஒரு காரை என்ன செய்யும் என்பதை, அது கடைக்கு வருவதற்கு முன்பே பார்த்துவிட முடியாதா? இந்தக் கேள்வியோடு தேடப்போய்த்தான், சூரியனையே கூரைக்குள் கொண்டுவந்து வைத்திருப்பவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

தொடக்கம் வெயில் அல்ல, குளிர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவம் தன் விமானங்களைக் கடுங்குளிரில் சோதிக்க அலாஸ்காவுக்கு அனுப்பியது. ஆனால், வேண்டிய நாளில் வேண்டிய குளிர் வரவில்லை. ஆகாயத்தைப் பார்த்துக் காத்திருப்பதைவிடக் குளிரைக் கட்டடத்துக்குள் உண்டாக்கலாமே என்றார் ஆஷ்லி மெக்கின்லி என்ற அதிகாரி. அப்படி உருவான கூடம் ஃபுளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்தில் 1947ல் சோதனைகளைத் தொடங்கியது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற முழு விமானங்களே அதற்குள் நின்று உறைந்திருக்கின்றன, வெந்தும் இருக்கின்றன.

வியன்னாவில் இருப்பது ரயில்களுக்கானது. ரெயில் டெக் ஆர்செனல் நிலையத்தின் பெரிய காற்றுச் சுரங்கத்தின் நீளம் 100 மீட்டர். ரயில் பெட்டிகளை உள்ளே நிறுத்தி, மைனஸ் 45 டிகிரி செல்சியஸ் முதல் 60 டிகிரி வரை மாற்றி மாற்றிச் சோதிக்கிறார்கள். கார்களுக்கு வந்தால், ஃபோர்டு நிறுவனம் ஜெர்மனியின் கொலோன் நகரில் 2018ல் ஒரு 'வானிலைத் தொழிற்சாலை'யைத் திறந்தது. மைனஸ் 40 முதல் 55 டிகிரி வரை. காலையில் சைபீரியா, மதியம் சகாரா!

சூடேற்றுவது பெரிய வித்தையில்லை, அடுப்பு போதும். வெயிலைச் செய்வதுதான் கடினம். தெளிவான நாளின் உச்சிப்பொழுதில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெயிலின் சக்தி ஏறக்குறைய 1000 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தச் சக்தியில் சுமார் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். மீதியில் பெரும்பகுதி நாம் பார்க்கும் வெளிச்சம். புற ஊதாக்கதிர் மிகச் சிறிய பங்குதான். ஆனால் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுப்பதும், சாயத்தை வெளுக்க வைப்பதும் பெரும்பாலும் அந்தச் சிறிய பங்குதான். சூடு அந்த வேலையை வேகப்படுத்துகிறது.

வெறும் சூட்டு விளக்குகளைத் தொங்கவிட்டால் வெள்ளைக் காரும் கறுப்புக் காரும் கிட்டத்தட்ட ஒன்றுபோலச் சூடாகிவிடும். உண்மை வெயிலில் அப்படி நடக்காது என்பது கறுப்புக் கார் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் கூரை முழுவதும் மெட்டல் ஹாலைடு விளக்குகளை அடுக்குகிறார்கள். தரையை எட்டாத வகைப் புற ஊதாக்கதிர்களை முன்னால் உள்ள கண்ணாடிகள் வடிகட்டிவிடும். ஜெர்மனியின் டிஐஎன் 75220 தரவிதி, காரின் வெளிப்புறத்துக்கு 1000 வாட் என்றும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உட்புறத்துக்கு 830 வாட் என்றும் தனித்தனியாகச் சொல்கிறது.

டேஷ்போர்டை மட்டும் கழற்றி ஒரு சிறிய பெட்டியில் சோதித்தால் போதாதா? செய்கிறார்கள்தான். ஆனால் காருக்குள் அது தனியாக இல்லை. சாய்ந்த முன்கண்ணாடிக்குக் கீழே, வேறு வேறு அளவில் விரியும் பொருள்களோடு ஒட்டியும் திருகியும் இருக்கிறது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது இடைவெளி விழும், கிரீச்சென்று சத்தம் வரும். முக்கியமானது ஏர்பேக். பல கார்களில் அது வெடித்து வெளிவர வேண்டிய தையல் டேஷ்போர்டின் மேல்தோலுக்குள்ளேதான் இருக்கிறது. வருடக் கணக்கில் வெயில் தின்ற தோல் சரியான இடத்தில் கிழிய வேண்டும், துண்டு துண்டாகத் தெறிக்கக்கூடாது. அதனால்தான் வெயிலில் 'முதுமையாக்கிய' பிறகு ஏர்பேக்கை வெடிக்க வைத்துப் பார்க்கிறார்கள்.

நாம் ஆசையோடு முகரும் புதுக்கார் வாசனையும் இந்தச் சூட்டில் பிளாஸ்டிக்கிலிருந்தும் பசையிலிருந்தும் ஆவியாகி வருவதுதான். முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் திரும்பப் படியும் மங்கல், அதன் மிச்சம்.

இன்னொரு சோதனை, மணிக்கணக்கில் காய்ந்த காரில் ஏர்கோனைத் திறந்து, தலை உயரத்தில் சூடு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பது. இதைப் படித்தபோதுதான் என் கவனம் டேஷ்போர்டிலிருந்து பின்சீட்டுக்குத் திரும்பியது. இந்தக் கூடங்கள் பார்ப்பது கார் தாங்குமா என்பதை. உள்ளே இருக்கும் குழந்தை தாங்குமா என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கையும் சிலர் போட்டிருக்கிறார்கள். 2018ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அரிசோனாவின் டெம்பி நகரில், 38 டிகிரியைத் தாண்டிய நாள்களில் கார்களை நிறுத்தி அளந்தார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி, உள்காற்று 47 டிகிரி. நிழலில் நின்றவற்றில் டேஷ்போர்டு 48, உள்காற்று 38. வெயிலில் நிற்கும் காரில் இரண்டு வயதுக் குழந்தையின் உடல் வெப்பம் சுமார் ஒரு மணி நேரத்தில் ஆபத்தான 40 டிகிரியை எட்டக்கூடும் என்று கணித்தார்கள். நிழலிலும் இரண்டு மணி நேரத்துக்குள் அதே நிலைதான்.

கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால்? 2005ல் வெளிவந்த வேறோர் ஆய்வு, அதனால் பெரிய வித்தியாசமில்லை என்றது. சூடு ஏறுவதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது என்றும் கண்டது. 'கடைக்குள் போய் வந்துவிடுகிறேன்' என்று நாம் சொல்லும் நேரம் அதுதானே.

காரில் மறந்துவிடப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை நம் நாட்டிலும் வாசித்திருக்கிறோம். அந்தப் பெற்றோரைத் திட்டி எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தூக்கம் குறைந்த காலையில், வழக்கம் மாறிய ஒரு நாளில், யாருக்கும் நேரலாம். பின்சீட்டில் குழந்தை இருந்தால் கண்டறிந்து எச்சரிக்கும் வசதிக்கு ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2023 முதல் மதிப்பெண் கொடுக்கிறது. என் ஒன்பது வருடக் காரில் அது கிடையாது. அதனால் மகனை நர்சரியில் விடப் போகும் நாள்களில் என் கைப்பையும் கைப்பேசியும் பின்சீட்டில், அவன் காலடியில்தான் இருக்கும்.

டேஷ்போர்டு விரிசலை இன்னும் சரிசெய்யவில்லை. மெக்கானிக் அண்ணன் சொன்ன விலை அப்படி.