தரை தட்டிய படகும் தள்ளி நின்ற படகும்

தில்லியில் படகு சவாரியா என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் சிரிப்பார்கள். குளிர்காலத்தில் வந்து பாருங்கள் என்பேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, விடியற்காலையில், காஷ்மீரி கேட் பக்கத்து யமுனையில் வெளிநாட்டுக் கடற்காக்கைகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து வந்த மைத்துனர் குடும்பத்துடன் அங்கே போனேன். பாதி ஆற்றில் படகு சட்டென்று நின்றுவிட்டது.

"என்ன அத்தான், தரை தட்டிடுச்சா?" என்றார் மைத்துனர்.

என் வீரத்தைக் காட்ட, கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கித் தள்ளக் கிளம்பினேன். படகோட்டி கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் பாபுஜி, கீழே சேறு. கால் புதைந்தால் எடுக்க முடியாது."

அவர் குரல் கொடுத்ததும் இன்னொரு படகு வந்தது. ஆனால் பதினைந்தடி தள்ளியே நின்றுவிட்டது. குழந்தைகள் அழுகிறார்கள், பக்கத்தில் வந்தால் என்னவாம் என்று எனக்குக் கோபம். வந்தவர் கயிற்றை வீசினார். நம்மவர் அதைப் படகின் பின்புறம் கட்டி, எங்கள் எல்லோரையும் பின்பக்கம் நகரச் சொன்னார். கனம் குறைந்து முன்பக்கம் எழும்பியது. வந்த வழியாகவே பின்னோக்கி இழுத்ததும் படகு விடுபட்டது. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "நாளைக்கு நான் மாட்டினால் இவன் வருவான்" என்றார்.

அவர் ஏன் தள்ளி நின்றார் என்பது, 2014-ல் நடந்த ஒரு விபத்தைப் பற்றிப் பின்னர் படித்தபோதுதான் விளங்கியது. உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸ் போட்டியில், கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குப் போன 'வெஸ்டாஸ் விண்ட்' என்ற பாய்மரப் படகு, நவம்பர் 29 அன்று மொரீஷியஸுக்கு வடகிழக்கே பவளப் பாறையில் மோதித் தரை தட்டியது. மின்னணு வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் பாறைத்திட்டு கண்ணில் படவில்லை. படகில் ஒன்பது பேர்.

போட்டிப் படகான 'ஆல்விமெடிகா' பந்தயத்தை நிறுத்திவிட்டு உதவிக்கு வந்தது. இருட்டில் பாறையை நெருங்கியிருந்தால் அதற்கும் அதே கதிதான். ஆகவே தள்ளி நின்று, வானொலியில் பேசித் தைரியம் சொல்லி, இரவெல்லாம் காத்திருந்தது. விடிந்ததும் அருகிலிருந்த தீவின் கடலோரக் காவல் படகு ஒன்பது பேரையும் மீட்டது. அதன் பிறகே ஆல்விமெடிகா பயணத்தைத் தொடர்ந்தது.

1982-ம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் இதைத்தான் சொல்கிறது: கடலில் ஆபத்திலிருப்போருக்குக் கப்பல் தலைவன் உதவ வேண்டும், தன் கப்பலுக்கும் தன்னை நம்பி வந்தவர்களுக்கும் பேராபத்து நேராத அளவில். யமுனைப் படகோட்டி இந்தச் சட்டத்தைப் படித்திருக்க மாட்டார். அவருக்கு ஆறு கற்றுக்கொடுத்திருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் யமுனைக்குப் போகும் அன்பர்களே, படகு நின்றுவிட்டால் குதிக்காதீர்கள். உதவிக்கு வந்தவர் தள்ளி நிற்கிறாரே என்று என்னைப்போல் கோபப்படவும் வேண்டாம். கயிறு வரும்.